எழுநூறு கிராம்

தேர்தல் தேதி அறிவித்த மூன்றாம் நாள்
தண்டையார்பேட்டை காவல் நிலையத்தில்
ஆறு பேர் நிற்கிறோம்.
ஐந்து ஆண்கள், நான்.
ஆளுக்கொரு லைசென்ஸ் புத்தகம், இரண்டு ஜெராக்ஸ்,
துணியில் சுற்றிய ஒன்று.

ரைட்டர் இன்னும் டீ குடித்து முடிக்கவில்லை.
கல்யாண மண்டபத்தில் முட்டிவலிக்காரர்கள்
ஒருவரையொருவர் கண்டுபிடித்துக்கொள்வதுபோல
பேச்சு தானாகத் தொடங்கிற்று.

"ஃபுல் ஸ்டீல் பாடி சார்,
கைல புடிச்சா ஒரு மரியாத தெரியும்"
என்றார் டேங்கர் லாரி முதலாளி.
"சாயங்காலத்துல இடுப்பு கழண்டுடும். என்னுது அலுமினியம்.
இருக்கறதே தெரியாது"
என்றார் சுங்கச்சாவடி அடகுக்கடை கேவல்சந்த்.
"இருக்கறதே தெரியலன்னா அத்த எதுக்கு வெச்சிக்கினு?"
எல்லோரும் சிரித்தார்கள், கேவல்சந்த் தவிர.
"எட்டு வருஷம். ஒரு தபா ஜாம் ஆனதில்ல" என்றார்
கண்ணாடி போட்ட ஒருவர்.
எத்தனை முறை சுட்டீர்கள் என்று கேட்டதும்
மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தார்.

எனக்குக் காசிமேட்டில் ஐஸ் பேக்டரி.
முன்பக்கம் இறால் எடை.
படகுகளுக்கு ஐஸ் கடன், சனிக்கிழமை வசூல்.
எண்ணூர் ரோட்டில் ஒரு விடியற்காலை
பணப்பையோடு முன்பல் இரண்டும் போன பிறகு
பதினான்கு மாதம் நடந்து வாங்கினேன் இதை.
ஆம்பளை இடுப்புக்கு விதவிதமாய் உறை விற்கிறது.
புடவைக்கு ஒன்றும் கிடையாது.
கல்மண்டபம் டெய்லர் சிக்கந்தர்
பாவாடையின் வலப்பக்கம் கித்தான் பை தைத்தான்.
"போனாக்கா?"
"வீசிங் பம்பு."
ஏழாவது பாவாடைக்கு அளவெடுக்கும்போது
நூலைப் பல்லால் கடித்தபடி சொன்னான்:
"பம்பு கொஞ்சம் பெருசுதான்க்கா."

உப்புக்காற்றைவிட என் வியர்வைதான் அதற்கு எதிரி.
ராத்திரி தையல் மிஷின் எண்ணெய்,
கடுகளவு துரு தெரிந்தால் பென்சில் ரப்பர்.
பத்து குண்டு சுட்டிருக்கிறேன், பயிற்சியில்.
ஒன்பது மண்ணுக்குப் போயிற்று.

"நீங்கம்மா, உங்களுக்குத் திருப்தியா?"
"திருப்திதான். சோறு கேக்காது. எண்ணெ மட்டும் கேக்கும்."

சொல்லாதது இது.
போன ஆடியில், ஐஸ் உடைக்கும் அறை வாசலில்
கைலியை மடித்துக் கட்டியபடி ஒருத்தன்
வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு வேகமாய் வந்தான்.
என் கை மடிப்புக்குள் போய்விட்டது.
விரல் அதற்குரிய இடத்தில் இருந்தது.
அவன் நின்றான், என் முகத்தைப் பார்த்தான்,
"இன்னாக்கா, நெஞ்சு வலியா?" என்று
ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தான்.
பாக்கிப் பணம் கட்ட வந்தவன்.
நாலாயிரத்து இருநூறு.
ஒரு கையால் வாங்கி எண்ணவும் முடியாமல்
மற்ற கையை வெளியே எடுக்கவும் முடியாமல்
நின்றேன்.

"அமலோற்பவம் யாருப்பா?" என்றார் ரைட்டர்,
ஐந்து ஆண்களையும் பார்த்து.

ரசீதோடு வெளியே வந்தால்
பாவாடை காற்றில் ஆடுகிறது.
படியிறங்க வலது கால் முந்துகிறது.
கடைக்குப் போய் ஒரு அரைக்கிலோ கல்,
ஒரு இருநூறு கிராம் கல்,
இரண்டையும் பையில் போட்டுக்கொண்டேன்.
சனிக்கிழமைகள் வந்தன.
தருகிறவன் தந்தான், தராதவன் தரவில்லை.
"அரைக்கிலோ கல்ல எந்தக் கம்மனாட்டி தூக்கினு போனான்?" என்று
எடைபோடும் பையன் தினமும் கத்தினான்.
நானும் கூடச் சேர்ந்து தேடினேன்.

ஓட்டு எண்ணி முடித்து, தடை விலகிய அன்று
முதல் ஆளாய்ப் போய் நின்றேன்.
துணியைப் பிரித்தால்
மேல்தகட்டில் துருவாய் ஒரு கட்டைவிரல்,
ரேகையோடு, தெளிவாக.
யாருடையதோ.
"எல்லாம் சரியா இருக்கா?" என்றார் பின்னால் நின்ற லாரி முதலாளி.
தலையாட்டினேன்.

இரண்டு ரப்பர் தேய்ந்துவிட்டது.
நடுச்சுழி மட்டும் இன்னும் போகவில்லை.